ஏழாம் மாடிக்கு வைத்த சொல்

லிஃப்ட்டக்காவைக் கணக்கு ஒருநாளும் கைவிட்டதில்லை. பொது அறிவும் அப்படித்தான். எழுதிய ஒவ்வொரு போட்டித் தேர்விலும் அவள் காலை வாரிவிட்டது இங்கிலீஷ் ஒன்றுதான். அதிலும் இலக்கணக் கேள்விகளை எப்படியோ சமாளித்துவிடுவாள். ஒரு சொல்லைக் கொடுத்து, இதே பொருள் தருவது எது, எதிர்ப்பொருள் தருவது எது என்று வரிசையாகக் கேட்பார்களே, அந்தப் பக்கம் வந்ததும் கை வியர்த்துவிடும். விடைகள் நான்கும் முன்பின் பார்த்திராத நாலு பேர் மாதிரி எதிரே நிற்கும். யாரோ ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். வந்தவர் தப்பான ஆளாக இருப்பார்.

அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இந்த முறை விட்டால் விட்டதுதான். அரசாங்க எழுத்தர் வேலை என்ற பேச்சையே பிறகு எடுக்க வேண்டாம்.

ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுவது அவள் பிழைப்பு. பழைய லிஃப்ட். இழுத்து மூடும் கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி. பயணம் செய்பவர்கள் எதையும் தொடக்கூடாது என்று உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். மூலையில் ஒரு ஸ்டூல் உண்டு. ஆனால் அதிகாரி யாராவது ஏறினால் அவள் எழுந்து நிற்க வேண்டும். எந்த நேரத்தில் எந்த மாடியில் யார் ஏறுவார் என்று தெரியாது என்பதால் அவள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பாள். ஸ்டூலில் அவளுடைய தண்ணீர் பாட்டில் சொகுசாக உட்கார்ந்திருக்கும்.

லிஃப்டில் ஏறுகிறவர்கள் கதவைப் பார்த்தபடி நிற்பார்கள். அவள் அங்கே இருப்பதே அவர்களுக்கு மறந்துவிடும். மேலதிகாரியைத் திட்டுவது, மாமியாரைத் திட்டுவது, யாருக்கு யார் மேல் வயிற்றெரிச்சல், எல்லாவற்றையும் அவள் முதுகுக்குப் பின்னால் அவிழ்த்துக் கொட்டுவார்கள். அவள் காதில் வாங்கிக்கொண்டு கைப்பிடியைத் திருப்புவாள்.

அவள் கேட்டது பெரிய பதவி இல்லை. ஏதாவது ஒரு மாடியில் தானும் இறங்கிப் போக வேண்டும். அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதில் உட்கார வேண்டும். இதற்கு ஒருத்தி இத்தனை பேச்சு வாங்க வேண்டுமா என்றால், வாங்கினாள்.

முதலில் வீட்டில். அவள் நாத்தனார் ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கிறவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே இருப்பவள். கெட்டவள் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது.

"நாள் பூரா மேல ஏறினாலும் சாயங்காலம் தரையிலதானே அண்ணி இறங்கறீங்க" என்பாள். "இங்கிலீஷெல்லாம் சின்ன வயசுலயே நாக்குல ஒட்டணும். இத்தனை வயசுக்கு மேல ஒட்டாது."

"ஒட்டுதா இல்லையான்னு என் நாக்கு சொல்லட்டும். நீ சொல்லாதே" என்பாள் இவள், காய் நறுக்கிக்கொண்டே.

புருஷன் ரொட்டி ஃபேக்டரியில் அடுப்பு வேலை செய்கிறவன். வெப்பத்தில் நின்று நின்று பேச்சு வற்றிப்போன ஆள். படி என்றும் சொல்ல மாட்டான், படிக்காதே என்றும் சொல்ல மாட்டான். அவள் படிக்க உட்கார்ந்தால் ரேடியோவை அணைப்பான். அவ்வளவுதான். ஆனால் அந்த ரேடியோ அவனுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்தது வேலை செய்யும் இடத்தில். கட்டடத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. எல்லா அறைச் சாவிகளையும் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதால் சாவிக்கொத்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். ஒருநாள் லிஃப்ட்டக்கா கையில் சொற்பட்டியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஐந்தாம் மாடியில் இறங்க வேண்டிய அதிகாரியை ஆறாம் மாடியில் இறக்கிவிட்டாள். தப்புதான். அவளும் ஒப்புக்கொண்டாள்.

"இனிமே லிஃப்டுக்குள்ள புத்தகத்தைப் பாத்தேன், பிடுங்கி வச்சிடுவேன்" என்றார் சாவிக்கொத்து. "நீ வேலைக்கு வந்தியா, படிக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் சார்" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் இரண்டாம் மாடியில் கதவைத் திறந்தாள். அங்கே எப்போதும்போல ஒரு சண்டை. இரண்டு பேர் ஒரு ஃபைலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடியில் அது தினமும் நடப்பது. அந்தப் பிரிவில் யாரும் யாரோடும் மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று ஒரு சொல் வந்தது. ஃப்யூரியஸ். கோபம் கொண்ட. இடது பக்கத்து ஆள் முகம் இன்னும் கொஞ்சம் சிவந்தது. ஐரேட். ஃபைல் கிழிந்தது. லிவிட்!

எத்தனை வருஷமாக மனப்பாடம் செய்தும் தங்காத சொற்கள் அன்று ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டன. புத்தகத்தைத்தானே பிடுங்குவார்கள்? கட்டடத்தைப் பிடுங்க முடியுமா?

அந்த வாரமே ஏழு மாடிகளுக்கும் சொற்களைப் பங்கு போட்டாள். முதல் மாடியில் எல்லோருக்கும் வாய் ஓயாது. லிஃப்ட் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு பேச்சை முடிப்பார்கள். அவர்களுக்கு கேருலஸ், லொக்குவேஷியஸ், வெர்போஸ். மூன்றாம் மாடி சாமான் கிடங்கு. குண்டூசி கேட்டால்கூட நாளைக்கு வா என்பார்கள். அவர்களுக்கு ஸ்டிஞ்சி, மைசர்லி, பார்சிமோனியஸ். நாலாம் மாடி மேடம் ஒருவர் அவளைப் பார்த்தால் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். கட்டடத்தில் வேறு யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காக நாலாம் மாடிக்குத் தாராள குணத்தை முழுசாகக் கொடுத்தாள்: பெனவலண்ட், மேக்னானிமஸ், ம்யூனிஃபிசண்ட். ஐந்தாம் மாடிக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள், ரெட்டிசண்ட், டாசிடர்ன். ஆறாம் மாடியில் மூக்கு மேலே பார்த்தபடி நடப்பார்கள். ஹாட்டி, ஆரகண்ட், சூப்பர்சிலியஸ்.

ஏழாம் மாடிக்கு வந்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் வந்ததும் மேசை மேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்க இறங்கிவிடுவார்கள். கண்ணாடி இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார், வந்துவிடுவார். அவர் மதியம்தான் வருவார். மேசையில் வைப்பதற்கென்றே பழைய கண்ணாடி ஒன்றைத் தனியாக வைத்திருந்தவர்களும் உண்டு. கண்ணில் ஒரு குறையும் இல்லாத ஓர் ஆள் இதற்காகவே கண்ணாடி வாங்கினார். இதையெல்லாம் அவர்களேதான் லிஃப்டில் சொல்லிச் சிரித்தார்கள். ஆகவே ஏழாம் மாடிக்குச் சோம்பல்: இண்டலண்ட், ஸ்லாத்ஃபுல், ஸ்லகிஷ், லெத்தார்ஜிக்.

கதவு மூடினால் சொல், திறந்தால் நிறுத்து. இதுதான் அவள் முறை. ஒவ்வொரு மாடி நெருங்கும்போதும் அந்த மாடிச் சொற்களை உதட்டுக்குள் ஓட்டுவாள். கூட வந்தவர்கள் ஏதோ சாமி பெயர் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். ஏறும் லிஃப்டில் அவர்களுக்கும் கொஞ்சம் பயம் உண்டாகையால், சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டில் அவளைக் கேள்வி கேட்க ஆள் கிடைத்தது இப்படித்தான். புருஷனுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியுமே. மாவு படிந்த கையைக் கழுவிக்கொண்டே "மூணு?" என்பான். அவள் அடுப்படியிலிருந்து மூன்றாம் மாடியை ஒப்பிப்பாள். "ஆறு?" என்பான். எங்காவது தடுமாறினால் அவனுக்குச் சொல் தெரியாவிட்டாலும் தடுமாற்றம் தெரிந்துவிடும். "திரும்ப ஆறு" என்பான். நாத்தனார் தலையில் அடித்துக்கொள்வாள். "இது வீடா, லிஃப்டா?"

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. சொற்கள் ஊறிப்போகப் போக, உதட்டுக்குள் இருந்தது வெளியே வர ஆரம்பித்தது அவளுக்குத் தெரியவில்லை. ஏழாம் மாடி கடைசி மாடி. அங்கே போகிறவர்கள்தான் அதிக நேரம் லிஃப்டில் நிற்கிறவர்கள். மற்ற மாடிக்காரர்கள் எல்லோரும் இறங்கிய பிறகு அமைதியில் நிற்கிறவர்களும் அவர்கள்தான்.

அன்று காலை ஏழாம் மாடி சூப்பிரண்டும், அவருடைய பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும் மிச்சம் இருந்தார்கள். சூப்பிரண்டு ஒல்லியான மனிதர், எண்ணெய் வைத்து வாரிய தலை. ஆறாம் மாடி தாண்டியதும் லிஃப்ட்டக்கா சொன்னாள்: "இண்டலண்ட், ஸ்லாத்ஃபுல், ஸ்லகிஷ், லெத்தார்ஜிக்."

"என்னம்மா சொன்னே?" என்றார் அவர்.

"ஏழாம் மாடி சார்."

"அது தெரியுது. அதுக்கு முன்னாடி என்ன சொன்னே?"

அவள் அப்போது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சாமி பெயர் என்று சொல்லியிருந்தால்கூடப் போயிருப்பார். ஆனால் பொய்க்கு யோசிக்க வேண்டும். உண்மை அதற்குள் வந்துவிட்டது.

"பரீட்சைக்குப் படிக்கறேன் சார். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு அர்த்தம் வச்சுக்கிட்டு மனப்பாடம் பண்றேன். இது ஏழாம் மாடிக்கு."

புதிதாகச் சேர்ந்த பெண் குபீரென்று சிரித்துவிட்டாள். "சார், கரெக்டா வச்சிருக்காங்க சார்!"

சொல்கூடப் பரவாயில்லை, அந்தச் சிரிப்புதான் அவரைச் சுட்டது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கதவை அவள் திறப்பதற்குள் அவரே இழுத்துத் திறந்துகொண்டு போனார்.

மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. எங்கள் மாடிக்கு என்ன, எங்கள் மாடிக்கு என்ன என்று ஆளுக்கு ஆள் வந்து நின்றார்கள். முதல் மாடிக்காரர்கள் அன்று முழுக்க அதையே பேசித் தங்கள் சொல்லைக் காப்பாற்றினார்கள். இரண்டாம் மாடியில் "யாருடி எங்களைக் கோபக்காரன்னு சொன்னது?" என்று ஒருவர் மேசையைக் குத்தினார். மூன்றாம் மாடிக் கிடங்குக்காரர், "மைசர்லி இல்லம்மா, அதுக்குப் பேரு பொறுப்பு" என்று திருத்தினார். ஐந்தாம் மாடி ஒன்றும் சொல்லவில்லை. ஆறாம் மாடிக்காரர்கள் தாங்கள் வந்து கேட்பது கௌரவம் இல்லை என்று பியூனை அனுப்பிக் கேட்டார்கள். நாலாம் மாடிதான் குளிர்ந்துபோயிற்று. மேடம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "உனக்கு என்ன உதவி வேணும்னாலும் கூச்சப்படாம கேளு" என்றார்.

மறுநாள் சாவிக்கொத்தின் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். சூப்பிரண்டு எழுதிய புகார் மேசை மேல் இருந்தது, சூப்பிரண்டும் இருந்தார்.

"புத்தகம் வேணாம்னேன். இப்ப வாயால ஆரம்பிச்சிட்டியா?" என்றார் சாவிக்கொத்து. "லிஃப்ட்ல இனிமே மூச்சுவிடக் கூடாது."

"முணுமுணுத்தது தப்புதான் சார். இனிமே வெளியில சத்தம் வராது" என்றாள். அது நியாயம் என்று அவளுக்கே பட்டது.

சூப்பிரண்டு தலையை ஆட்டினார். "எனக்கு அது போதாது. சத்தம் வரலைன்னாலும் உள்ள சொல்லிக்கிட்டுதானே இருப்பா? நான் தினமும் காலையில ஏறுவேன். இவ என்னைப் பாத்ததும் உள்ளுக்குள்ள சோம்பேறி, சோம்பேறின்னு நாலு தினுசா சொல்லுவா. நான் அங்க நிக்கணுமா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அழகான கையெழுத்து. "டிலிஜண்ட், இண்டஸ்ட்ரியஸ், அசிட்யுவஸ். கடுமையா உழைக்கறவங்க. இதுவும் பரீட்சைக்கு வர்ற வார்த்தைங்கதான். இதை ஏழாம் மாடிக்கு வச்சுக்கோ. வச்சுக்கறேன்னு சொல்லு, புகாரை இங்கேயே கிழிச்சுப் போட்டுடறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் சோம்பேறி இல்லை. ஏழாம் மாடியில் முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் அவர்தான். மற்றவர்களுடைய மூக்குக்கண்ணாடிகளுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். அந்தச் சொல் அவருக்கு அநியாயம் என்று அவளுக்கு அப்போதே தெரியும். அவருக்காக மனசு கொஞ்சம் கரைந்தது. ஆனாலும் ஒருவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அவள் தலைக்குள் இருப்பதை மாற்றச் சொல்கிறாரே, அதை நினைத்தபோது கரைந்தது அப்படியே இறுகிவிட்டது.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்றாள்.

வீட்டில் சொன்னபோது நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். "அவ்வளவுதானா? மாத்திட்டேன்னு சொல்லுங்க அண்ணி. அவரு என்ன உங்க தலையைத் திறந்தா பாக்கப் போறாரு?"

புருஷனும் மெதுவாகச் சொன்னான். "சும்மா சொல்லிடேன். வேலை இருக்கும்ல?"

"நீங்களுமா?" என்றாள் அவள். "ஏங்க, இங்க பாருங்க. அவரு குடுத்த வார்த்தை அப்படியே எதிர்ப்பதம். சோம்பலுக்கு எதிர்ப்பதம் என்னன்னுதான் பரீட்சையில கேப்பான். வாயைத் திறந்து ஒருதடவை அதை ஏழாம் மாடின்னு சொல்லிட்டா, ஹால்ல ரெண்டும் ஒண்ணா வந்து நிக்கும். எது எதுன்னு தெரியாம முழிப்பேன். எனக்கு இன்னொரு வருஷம் இருக்கா?"

"அது சரி..."

"அதுமட்டும் இல்ல. கையில புத்தகம் கூடாதுன்னாங்க. சரின்னேன். வாயைத் திறக்காதேன்னாங்க. சரின்னேன். இப்ப தலைக்குள்ள வந்துட்டாங்க. இதுக்கும் சரின்னு சொன்னா நாளைக்கு மூணாம் மாடிக்காரரு ஒரு சீட்டோட வருவாரு. ஆறாம் மாடி பியூன் வருவான். அப்புறம் என்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணி முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் அது அபூர்வம்.

மறுநாள் சாவிக்கொத்தின் அறையில் லிஃப்ட்டக்கா சூப்பிரண்டைப் பார்த்துச் சொன்னாள். "சார், உங்க மனசை நோக வச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. இனிமே என் வாயிலேருந்து ஒரு சத்தம் வராது. ஆனா மாடியை மாத்த மாட்டேன்."

"மாத்திட்டேன்னு சொன்னாப் போதும்மா" என்றார் சூப்பிரண்டு. அவர் குரலில் கெஞ்சல்கூட இருந்தது.

"சொல்ல மாட்டேன் சார். கட்டடத்துல இருக்கற மாடி உங்களோடது. எனக்குள்ள இருக்கற மாடி என்னோடது. அங்க யாரை எங்க வைக்கணும்னு நான்தான் சொல்வேன்."

சாவிக்கொத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. ஃப்யூரியஸ், ஐரேட் என்று அவளுக்குள் லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றது. அன்றே அவளைக் கட்டடத்தின் பின்பக்கம், சாமான் ஏற்றும் லிஃப்டுக்கு மாற்றினார். அங்கே ஸ்டூலும் கிடையாது, விளக்கும் பாதி நேரம் எரியாது. தேர்வு நாளுக்குக் கேட்டிருந்த லீவையும் இல்லை என்றார். "அன்னைக்கு வரலைன்னா அப்புறம் எப்பவுமே வர வேணாம். உன்னை வேலைக்கு வச்ச காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

அவள் நாலாம் மாடிக்குப் போனாள். கூச்சப்படாமல் கேள் என்றவர்தானே. "மேடம், ஒருநாள் லீவுக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

மேடம் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கி இருந்தவற்றை மறுபடி அடுக்கினார். "நான் எப்படிம்மா இதுல தலையிடறது? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அன்று அவளுக்கு வந்த அழுகை சாவிக்கொத்து திட்டியபோதுகூட வரவில்லை.

சாமான் லிஃப்டில் ஒரு வசதி இருந்தது, அதை யாரும் யோசிக்கவில்லை. அதில் மனிதர்கள் ஏறுவதில்லை. உடைந்த நாற்காலிகளையும் காகிதக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு அவள் தொண்டை கிழியக் கத்திப் படித்தாள். இரும்புச் சுவர்கள் திருப்பிச் சொல்லின. மேலே போகும்போது அதே பொருள், கீழே வரும்போது எதிர்ப்பொருள் என்று வைத்துக்கொண்டாள். ஏழாம் மாடி வரும்போது மற்ற மாடிகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கத்தினாள். சத்தம் வராது என்று வாக்குக் கொடுத்தது முன்பக்கத்து லிஃப்டுக்குத்தானே.

தேர்வு நாள் காலை. வேலை நாள்தான். புருஷன் அன்று ஃபேக்டரிக்குக் கிளம்பவில்லை. நாத்தனார் தன்னுடைய நல்ல பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு, வைத்தது தான் இல்லை என்பது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனா வேலை போயிடும்" என்றான் அவன். தடுப்பதற்காகச் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னான்.

"போகட்டும்."

"பயமா இருக்கா?"

"இருக்கு. இருந்தாலும் போறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவளிடம் அவன் கேட்டான். "ஏழு?"

"இண்டலண்ட், ஸ்லாத்ஃபுல், ஸ்லகிஷ், லெத்தார்ஜிக்" என்றாள்.

"திரும்ப ஏழு" என்றான் அவன், தடுமாறாமல் சொன்னபோதும். அவள் சிரித்துக்கொண்டே திரும்பவும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

தேர்வு அறையில் அந்தப் பக்கம் வந்தபோது அவள் கண்ணை மூடிக் கம்பிக் கதவை இழுத்து மூடினாள். முதல் மாடி பேசியது. மூன்றாம் மாடி குண்டூசி இல்லை என்றது. ஆறாம் மாடி அவளைப் பார்க்காமல் ஏறியது. விடைகள் நான்கில் தெரிந்த முகம் ஒன்று நின்றது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். நாலாம் மாடியில் மட்டும் லிஃப்ட் நின்றுபோயிற்று. ம்யூனிஃபிசண்ட் என்று கேட்டிருந்தார்கள். மேடம் காகிதம் அடுக்குவதுதான் கண்ணுக்குத் தெரிந்தது, பொருள் வரவில்லை. கடைசியில் ஏதோ ஒன்றைக் குறித்தாள், அது தப்பு. நாலாம் மாடிக் கேள்விகள் எல்லாவற்றிலும் அவளுக்குக் கை நழுவியது.

பக்கத்தின் அடியில் கடைசிக் கேள்வியாக இண்டலண்ட் இருந்தது. எதிர்ப்பொருள் தருவது எது? முதல் விடை லெத்தார்ஜிக், இரண்டாவது ஸ்லகிஷ், மூன்றாவது டிலிஜண்ட். சூப்பிரண்டின் அழகான கையெழுத்திலேயே அது தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு மூன்றாவதைக் குறித்தாள்.

வேலை போயிற்று. சாவிக்கொத்து சொன்னதைச் செய்கிற ஆள். அவள் தண்ணீர் பாட்டிலை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினார்கள். முடிவு வரும்வரை அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. புருஷன் இன்னொரு ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்தான். அவள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் துணி தேய்த்துக் கொடுத்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த நாத்தனார், அண்ணி நிமிர்ந்து பார்த்ததும், "தேய்க்கற துணியை நான் கொண்டு போய்க் குடுக்கறேன்னு சொல்ல வந்தேன்" என்று முடித்தாள்.

முடிவு வந்தது. மயிரிழையில்தான் தேறியிருந்தாள், ஆனால் தேறியிருந்தாள். ஊரின் இன்னொரு மூலையில் ஓர் அலுவலகத்தில் இளநிலை எழுத்தர். மேசை கொஞ்சம் ஆடும். நாற்காலி ஆடாது.

அடுத்த வருஷம் ஒரு கோப்பை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவர அனுப்பினார்கள். எங்கே என்று பார்த்தால் பழைய கட்டடம், ஏழாம் மாடி. முன்பக்கத்து லிஃப்டில் இப்போது வேறொரு பெண் நின்றாள். "எந்த மாடி அக்கா?" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "ஏழு" என்றாள். பிறகு, "நீ அந்த ஸ்டூல்ல உக்காரும்மா, நான் அதிகாரி இல்ல" என்றாள்.

சூப்பிரண்டு அதே இடத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தலைமுடி மட்டும் குறைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவருக்கு அவளை அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்தது. கோப்பை வாங்கி, நிதானமாகப் படித்து, கையெழுத்துப் போட்டார். திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உக்காரும்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.

"இப்பவாவது மாத்தினியா?"

அவர் கண்ணில் கோபம் இல்லை. இத்தனை நாளாக மனசுக்குள் வைத்திருந்த கேள்வி என்று அவளுக்குப் புரிந்தது. இப்போது ஆமாம் என்று சொன்னால் அவளுக்கு எந்த நஷ்டமும் இல்லை. பரீட்சை முடிந்துவிட்டது, வேலை கிடைத்துவிட்டது. வயசான மனிதர், சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள்.

"இல்ல சார்" என்றாள். "மாத்தல."

சூப்பிரண்டு அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி அறையைப் பார்த்தார். வரிசையாக மேசைகள். நாற்காலிகள் எல்லாம் காலி. ஒவ்வொரு மேசையிலும் ஒரு மூக்குக்கண்ணாடி, மடிக்காமல், அவரைப் பார்த்தபடி இருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி மேசைக்கு வந்தபோது, அன்று லிஃப்டில் சிரித்த பெண்ணின் மேசை அது, அங்கேயும் ஒரு கண்ணாடி இருந்தது.

கோப்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மாத்தாதே" என்றார்.